சோப்பு வாசனையடித்த குதிரை

சித்தியின் சலவைக் கடைக்குள் கறையோடு நுழைந்த எதுவும் கறையோடு வெளியே போனதில்லை. சித்தப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடைக்குப் பின்னாலுள்ள சந்தில் எவனோ வண்டியை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அதை இழுத்த குதிரையை விட்டுவிட்டுப் போனபோது, சித்தி முதலில் கேட்டது ஒரு வாளி தண்ணீர்.

நான்கு வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு நான் திரும்பி வந்திருந்த வாரம் அது. குதிரையின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முதுகெல்லாம் புண். இடது பின்னங்காலை ஊன்றவே இல்லை.

"ஒட்டடைக்குச்சிக்கு நாலு கால் முளைச்ச மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா. அதுவே பெயராகிவிட்டது.

மாட்டு டாக்டர் குளம்பைச் சுரண்டிச் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். "பாவம்னு ஒரேடியா தீனி போட்டுடாதீங்க. காஞ்ச வயிறு, தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளை புல்லு, அவ்வளவுதான்."

இஸ்திரிக் கரி வைத்திருந்த கொட்டகையில் குதிரை குடியேறியது. கரி மூட்டைகள் எங்கள் கூடத்துக்கு வந்தன.

"எனக்கு ஒரு வேளை மாத்திரை கொடுக்க மறந்துடுவா. அதுக்கு ஆறு வேளை!" என்று சித்தப்பா என்னிடம் முறையிட்டார்.

"அது வாயைத் திறந்தா சாப்பிட மட்டும்தான் திறக்குது" என்றாள் சித்தி.

மூன்று மாதத்தில் விலா மறைந்தது, கால் தேறியது. ஆனால் கட்டடச் சொந்தக்காரர் மாதக் கடைசிக்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஊருக்கு வெளியே ஒருவர், சவாரிப் பள்ளியில் ஓய்வு கொடுத்த ஏழு குதிரைகளை வேலி போட்ட புல்வெளியில் வளர்த்தார். அவர் கறாராகச் சொன்னார்: "கூட்டம் சேர்த்துக்கிட்டா இருக்கட்டும். இல்லேன்னா என்னால முடியாதும்மா. கடிச்சே ஒரு வழி பண்ணிடும்." விற்றால் மறுபடியும் வண்டிதான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனோம். குதிரை மூன்று முறையும் அடி வாங்கியது. ஏழும் முகர்ந்து பார்க்கும், காதை மடக்கும், துரத்தும். ஒட்டடைக்குச்சி வேலியோரம் ஓடி வந்து சித்தியின் தோளில் மூக்கை வைத்துக்கொள்ளும்.

மூன்றாவது முறை குதிரைக்காரர் அதன் கழுத்தில் முகத்தை வைத்து முகர்ந்தார். "என்னம்மா இது? மடிச்சு வெச்ச பெட்ஷீட் மாதிரி மணக்குது!"

"பின்னே? நாலு பேரைப் பார்க்கப் போறப்ப குளிப்பாட்டாமலா கூட்டிட்டு வருவாங்க? மூணு தடவை அலசினேன்."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்களுக்குத்தான் அது சுத்தம். அதுங்களுக்கு இது குதிரையான்னே சந்தேகம்." தன் லாயத்தில் விரித்த பழைய வைக்கோலில் இரண்டு மூட்டை கட்டிக் கொடுத்தார். "இதுல படுக்க வைங்க. ஒரு வாரம் கை வைக்காதீங்க."

அந்த வாரம் சித்தி பட்ட பாடு! கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். "பத்து நிமிஷம், வாலை மட்டும்?" என்று என்னிடம் கெஞ்சினாள்.

"தொட்டே, குதிரைக்காரருக்குப் போன் போட்டுடுவேன் சித்தி."

"ஊர்சுத்திக் கழுதை" என்று வைதாள். ஆனால் தொடவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிறு. குதிரைக்காரர் முதலில் வயதான பழுப்புப் பெட்டைக்குதிரையை மட்டும் அருகே விட்டார். அது முகர்ந்தது, காதை மடக்கவில்லை. மற்ற ஆறும் வந்தன. ஒன்று பல்லைக் காட்டியது. பழுப்புக்குதிரை நடுவில் வந்து நின்றதும் விலகிக்கொண்டது. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது.

"இன்னும் சொல்ல முடியாது. தீனி போட்டாத்தான் தெரியும்" என்றார் அவர்.

வைக்கோலை ஒரு நீளக் குவியலாகப் போட்டார். ஏழும் தலை குனிந்தன. ஒட்டடைக்குச்சி தள்ளி நின்று, வேலிப்பக்கம் சித்தியைப் பார்த்தது. கூப்பிட்டால் வந்துவிடும். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"என்ன பண்ணுதுடி? சொல்லேன்!"

பழுப்புக்குதிரை ஓர் அடி நகர்ந்து இடம் விட்டது.

"சாப்பிடுது சித்தி. நடுவுல நின்னு சாப்பிடுது."