எறும்பு விழுந்த பால்

பக்கத்து வீட்டு டோரீன் பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே தானா ராத்தா டவுனில் வங்கி வேலைக்குத் திரும்பிவிட்டாள். காலையில் ஒரு சின்ன மின்சாரக் கருவியை வைத்துப் பாலை எடுத்து, போத்தலில் ஊற்றி, ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறாள். மாமியார்க்காரி அதை வெதுவெதுப்பாக்கிப் பேரனுக்குக் கொடுக்கிறாள். அக்கம்பக்கத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கவில்லை. பிள்ளையின் வயிற்றுக்குள் பால் போகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். எந்த வழியாகப் போனால் என்ன? மார் நிறையப் பால் இருந்தும் பிள்ளைக்குப் போகாமல் நின்றதை நான் பார்த்தவள். தோட்டத்தில் என்னோடு இருந்த பிலோமியைப் பற்றி எழுதினால் அதைத்தான் எழுத வேண்டும்.

அந்தக் காலத்தில் மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் நான் ஆயாக்கொட்டாயில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலையேறும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை அது. குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, புண் கட்ட எல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் கொட்டாய்க்குப் பெட்டி பெட்டியாக டின்பால் வரும். அதைக் கரைத்துக் கொடுப்பதுதான் நாகரிகம் என்று பெண்கள் நம்பினார்கள். மலையிலிருந்து நடுவில் இறங்கி வந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வழக்கம் அப்படியே நின்றுபோனது. பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரே காரில் ஓடிப்போனார். டின்னும் போயிற்று. தேயிலைச் செடிகள் பறிப்பாரில்லாமல் ஆள் உயரத்துக்கு மரமாகின. பாதி மலையில் அவற்றைப் பிடுங்கிவிட்டு மரவள்ளியும் சீனிவள்ளிக் கிழங்கும் நடச் சொன்னார்கள். மாடு ஆடுகளைப் பட்டாளத்தார் வெட்டித் தின்றுவிட்டார்கள்.

பிலோமி வேதக்காரக் குடும்பத்துப் பெண். கை வேகம், வாய் அதைவிட வேகம். கொழுந்து நிறுக்கும்போது தராசில் கங்காணியின் விரல் பட்டால் போதும். "கங்காணி, ஒங்க வெரலுக்கும் சேத்து எனக்குச் சம்பளம் போடுங்க" என்பாள். புருஷன் அகஸ்டின் பேக்டரியில் இலை உருட்டும் மிஷினில் நின்றவன். எந்நேரமும் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருப்பான். "எனக்குச் சக்களத்தி இரும்புல செஞ்சவ" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் முழுகாமல் இருந்தபோது அகஸ்டினைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். லோரியில் ஏற்றும்போது அவன் எட்டிப் பார்த்து, "பையன் பொறந்தா ஹரோல்ட்னு வையி" என்று கத்தினானாம். பையன்தான் பிறந்தான். அதே பெயரைத்தான் வைத்தாள்.

அந்தச் சமயத்தில் கொட்டாயை மூடிவிட்டு என்னைத் திரிங்காப் காய்கறிக் காட்டுக்கு அனுப்பினார்கள். பட்டாளத்துக்கு முட்டைக்கோசு நட வேண்டும். அவர்கள் விட்டால்தான் அங்கிருந்து வர முடியும். நான் திரும்பி வந்தபோது ஹரோல்டைப் புதைத்தாகிவிட்டது. வயிற்றுப்போக்கு என்றார்கள். பிலோமி மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டுச் சுவரோடு ஒண்டிக் கிடந்தாள். பால் கட்டி, கை வைத்தால் நெருப்பாய்ச் சுட்டது. தாங்க முடியாதபோது பின்பக்கம் போய்ச் சுவரில் பீய்ச்சிவிட்டு வருவாள்.

அதே வாரம் அடுத்த வீட்டில் செல்லம் செத்துப்போனாள். பிரசவித்து இரண்டு வாரமாகியும் ஜுரம் விடவில்லை. ஜுரத்துக்குக் கொடுக்கிற கொய்னாவும் இல்லை, வேறு மருந்தும் இல்லை. பெண் குழந்தை தங்கியது. செல்லத்தின் மாமியார் அம்மாக்கண்ணு மரவள்ளி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து அதன் வாயில் வைத்தாள். குழந்தையின் தகப்பன் நாகப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். நான் குழந்தையைத் தூக்கிப் பார்த்தேன். உச்சிக்குழி உள்ளே இறங்கியிருந்தது. கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. அழுகை வெளியே வரவில்லை, வாய் மட்டும் கோணியது. பால் கிடைக்காவிட்டால் இரண்டொரு நாள்தான். பால் உள்ள பெண் அந்த லயத்தில் பிலோமி ஒருத்தி. மற்றவர்களுக்குப் பட்டினியில் எப்போதோ வற்றிவிட்டது.

நேரே அவளிடம் போய்க் கேட்டேன்.

"வேணாங்கா. எம் பால் விஷம்."

"யாரு சொன்னா?"

"அம்மாக்கண்ணு ஆத்தா எறும்பு விட்டுப் பாத்துச்சு. எறும்பு செத்துப்போச்சு."

எங்கள் ஜனங்களிடம் அப்படி ஒரு சோதனை உண்டு. பால் குடிக்கிற பிள்ளைக்கு வயிறு சரியில்லையென்றால் தாயின் பாலைச் சிரட்டையில் பீய்ச்சி ஓர் எறும்பை விடுவார்கள். எறும்பு ஊர்ந்து வெளியே வந்தால் பால் நல்லது. அதிலேயே கிடந்தால் பால் கெட்டது. ஊரிலிருந்து கப்பலேறியபோது கூடவே கொண்டு வந்த சோதனை. ஹரோல்டுக்கு வயிற்றால் போனதும் அம்மாக்கண்ணு விடியற்காலையில் அதைச் செய்திருக்கிறாள். எறும்பு அசையவில்லை. அன்றே பிலோமி பாலை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு மரவள்ளிக் கஞ்சித் தண்ணி கொடுத்தாள்.

எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அந்தச் சோதனை வெயில் ஊரில் பிறந்தது. இங்கே விடியற்காலையில் மூச்சு விட்டால் புகை வரும். எறும்பைத் தேனில் போட்டாலும் விறைத்துத்தான் கிடக்கும்.

மறுநாள் விடிந்ததும் அம்மாக்கண்ணுவை அழைத்தேன். பிலோமியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வேடிக்கை பார்க்க நாலைந்து பெண்கள் கூடினார்கள்.

"ஆத்தா, இது ஒங்க வீட்டுக் குடிதண்ணி. நீங்களே மொண்டு சிரட்டையில ஊத்துங்க. எறும்பையும் நீங்களே விடுங்க."

"என்னடி தங்கம்மா, காலங்காத்தால வெளையாட்டு காட்டுற? எம் பேத்தி அங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

"அதுக்குத்தான் லா. விடுங்க."

விட்டாள். எறும்பு இரண்டு தரம் காலை அசைத்துவிட்டு நின்றுபோயிற்று.

"செத்துருச்சு பாருங்க. அப்ப ஒங்க தண்ணியும் விஷமா? ஊரே அதைத்தான குடிக்குது?"

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த எறும்பை ஓர் இலையில் எடுத்து அடுப்போரம் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது கால்களை நீட்டி நடக்கத் தொடங்கியது. பிறகு பிலோமியைச் சிரட்டையில் கொஞ்சம் பால் பீய்ச்சச் சொல்லி, அதே அடுப்போரத்தில் வைத்து, இன்னோர் எறும்பை விட்டேன். அது நீந்தி விளிம்பேறி, என் கையில் ஊர்ந்து கடித்தது.

அம்மாக்கண்ணு அடுப்பைப் பார்த்தாள். பிலோமியைப் பார்த்தாள். யாரும் அதற்குமேல் சிரிக்கவில்லை.

பிலோமி என்னைத்தான் கேட்டாள். "அப்ப எம் பால்ல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எம் புள்ள எதுல செத்தான்?"

வயிற்றுப்போக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் மறுபடியும் தன் பாலையே சந்தேகப்படுவாள். உள்ளே கிடக்கிற குழந்தையும் போய்விடும்.

"பால் இல்லாமத்தான்" என்றேன்.

அவள் அழவில்லை. கட்டியிருந்த துணியை மார்பின்மேல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மாக்கண்ணு அவள் காலில் விழப் போனாள். பிலோமி காலை இழுத்துக்கொண்டாள்.

"தொடாத. எம் புள்ள அழுதான். பக்கத்துலயே கெடந்து அழுதான். இங்க வலிச்சு வலிச்சு வழிஞ்சுச்சு. குடுக்காதேன்னு நீதான சொன்ன?"

"தெரியாமச் செஞ்சுட்டேன் தாயீ. எங்க ஆத்தா காலத்துலேருந்து இப்படித்தான் பாக்குறது. எம்மேல மண்ணை வாரிப் போடு. அந்தப் பச்ச மண்ணு என்ன பண்ணுச்சு? அதுக்கு மட்டும் குடு."

"எம் புள்ளைக்குக் குடுக்க விட்டியா நீ?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புதைகாடு பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. குழந்தையை என் வயிற்றோடு சேர்த்துத் துணி சுற்றிச் சூடாக வைத்துக்கொண்டு, சங்கில் வெந்நீரைத் துளித்துளியாக விட்டேன். சிரட்டையில் மிஞ்சியிருந்த பாலையும் கொடுத்தேன். ஒரு மடக்குகூட இல்லை. மத்தியானத்துக்குமேல் அது வாயைத் திறப்பதையும் நிறுத்திவிட்டது. நாகப்பன் கதவருகே வந்து வந்து எட்டிப் பார்த்தான். ஒரு தரம் மட்டும், "குழி வெட்டணுமா ஆயாம்மா?" என்று கேட்டான். மலையேறி விறகு பொறுக்கி வரச் சொல்லி விரட்டினேன்.

பனி இறங்குகிற நேரத்தில் பிலோமி வந்தாள். பாவாடையெல்லாம் செம்மண். வீட்டுக்குள் நின்ற அம்மாக்கண்ணுவிடம், "நீ வெளிய போ" என்றாள். கிழவி போய்விட்டாள். பிலோமி சுவரைப் பார்த்து உட்கார்ந்து மார்புக் கட்டை அவிழ்த்தாள். நான் குழந்தையை அவள் மடியில் வைத்து, அதன் கன்னத்தைத் தட்டி, காம்பை வாயில் திணித்தேன். அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை. நானே பிலோமியின் மார்பை அழுத்தி வாய்க்குள் பால் விழச் செய்தேன். விழுங்கியது. மறுபடி விழுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இழுக்கத் தொடங்கியது. பிலோமி ஒரு தரமும் குனிந்து அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

பால் ஏற்கெனவே குறைந்திருந்தது. மரவள்ளியைத் தின்று ஒரு பெண் எவ்வளவுதான் சுரப்பாள்? அம்மாக்கண்ணு தன் பங்குக் கிழங்கை, கிடைத்த நாளில் கருவாட்டுத் துண்டை, பிலோமியின் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். பிலோமி வாங்க மறுத்திருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது. அவள் எடுத்துத் தின்றாள். தின்றால்தான் பால். ஜப்பான்காரன் சண்டை முடிவதற்குள் அம்மாக்கண்ணு வற்றிச் செத்துப்போனாள். பிலோமி எடுத்துத் தின்ற கிழங்குதான் அவளைக் கொன்றது என்று சிலர் பேசினார்கள். பட்டினி எல்லாரையும்தான் கொன்றது. பிலோமி துக்கத்துக்குப் போகவில்லை. அன்றும் என்னைக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லிப் பால் கொடுத்து அனுப்பினாள்.

அகஸ்டின் சயாமிலிருந்து வரவில்லை. துரைமார் திரும்பி வந்தார்கள், மிஷின் மறுபடி ஓடியது, டின்பாலும் வந்தது. பிலோமி வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த ஒருவனிடம், "பொழைக்கிறதுக்கு எனக்குக் கை இருக்கு" என்றாளாம்.

அந்தக் குழந்தைக்குச் சாரதா என்று பெயர். பேச்சு வந்த புதிதில் அது பிலோமியின் வாசலில் நின்று "அம்மா" என்று கூப்பிட்டது. நான் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பிலோமி வெளியே வந்தாள். குழந்தையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "அம்மா இல்ல. பிலோமி அக்கான்னு சொல்லு" என்றாள். அது மறுபடி "அம்மா" என்றது. அது "அக்கா" என்று சொல்லும்வரை பிலோமி உள்ளே விடவில்லை.