நாளைக்குச் சேர்த்துத் திருப்பிக்கலாம்

எனக்குப் பதினொரு வயதானபோது என் வலது கால் இடது காலைவிட நாலு சென்டிமீட்டர் குட்டையாகிப் போனது. வானகரம் பைபாஸ் ஓரத்தில் ஒரு காலி மனையில் மண்ணைக் குவித்து மேடு கட்டி, பிள்ளைகளுக்கு டர்ட் பைக் ரேஸ் நடத்தினார்கள். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து அதற்குப் போன ஒரே ஆள் நான்தான். பொட்டப் புள்ளைக்கு எதுக்குய்யா இது என்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா, "பாத்துகினே இரு, பறக்கும்" என்று சொல்லி வைத்திருந்தார். பறக்கத்தான் செய்தேன். மூன்றாவது மேட்டில் வண்டி ஒரு பக்கம் போக, நான் தனியாக வந்து விழுந்தேன். பின்னால் தாவி வந்த ஆவடிப் பையன் வண்டியோடு என் வலது காலில், முழங்காலுக்குக் கீழே, இறங்கினான். அவன் காலும் உடைந்தது. இரண்டு பேரையும் ஒரே வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

மண் புகுந்து கெட்டுப்போன எலும்புத் துண்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்து வைத்தார் டாக்டர். கால் குட்டையானது அப்படித்தான். அதை நீளமாக்க, எலும்புக்குள் ஊசிக் கம்பிகளைச் செலுத்தி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டி, மேலே நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டார். வளையங்களை இணைக்கும் கம்பிகளில் நட்டுகள் இருந்தன. தினமும் நாலு வேளை, வேளைக்குக் கால்வாசிச் சுற்று அவற்றைத் திருப்ப வேண்டும். ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டர் எலும்பு விலகும். விலகிய இடத்தில் புது எலும்பு ஊறும். நாற்பது நாளில் இரண்டு காலும் சமமாகிவிடும், அப்புறம் எலும்பு இறுகினால் நொண்டாமல் நடக்கலாம் என்றார். ஆவடிப் பையனுக்கும் இதே ஏற்பாடுதான்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடமாக லேத் ஓட்டுகிறவர். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள், "ஒரு எம்.எம். மரை சார், நாலு தபா கால்வாசி. நம்ம கையில உட்ருங்க" என்றார். அந்த அறையில் அவர் ஒருவர்தான் தெம்பாக இருந்தார்.

முதல் பத்து நாள் பிசகே இல்லை. காலை ஆறு மணி, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன். மதியம் அம்மா தையல் கம்பெனியில் இருப்பாள் என்பதால், எஸ்டேட்டிலிருந்து அப்பாவே வண்டியில் பறந்து வருவார். திருப்பியதும் வளையங்களுக்கு இடையே வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து பார்த்துக்கொள்வார். பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் சரியாகப் பத்து மில்லிமீட்டர். டாக்டர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் வலி தன் வேலையைக் காட்டியது. எலும்போடு சதையும் நரம்பும் இழுபட, ஸ்பானரைப் பார்த்தாலே நான் சுவரோரம் நகர்ந்துவிடுவேன். நான் கத்துவதைக் கேட்க முடியாமல் அம்மா சமையலறையில் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். சட்னி அரைபட்ட பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஸ்பானரை நட்டில் வைத்தார். திருப்புவதற்கு முன்பே நான் அலறிவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது. என் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "முடிஞ்சி போச்சி பாப்பா" என்றார். முடியவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து என் காதருகே, "நாளைக்குச் சேத்துத் திருப்பிக்கலாம்" என்றார்.

அவர் பிழைப்பில் அது நியாயமான பேச்சுதான். லேத்தில் பாதியில் விட்ட இரும்பு, விட்ட இடத்தில் விட்டபடியே மறுநாள்வரை கிடக்கும். எலும்பும் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டார். மறுநாளும் அவரால் முடியவில்லை. அதற்கடுத்த நாளும் ஸ்பானர் நட்டைத் தொட்டுவிட்டுப் பைக்குள் போனது. வெர்னியரைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று, அவள் வீட்டிலிருக்கும் வேளையெல்லாம் மிக்ஸியைத் தாண்டிக் கேட்கும்படி நான் கத்தினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே செய்தேன். கத்தி முடித்ததும் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஆவடிப் பையன் அவன் அம்மாவின் போனில் வீடியோ காலில் வருவான். அழுது அழுது கண் வீங்கியிருக்கும்.

"உனுக்கு வலிக்கலையா?" என்பான்.

"எங்கப்பா திருப்புனா வலிக்கவே வலிக்காது. லேத்து வேலை தெரிஞ்சவரு" என்று பீற்றிக்கொள்வேன்.

இடையில் மழை பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். டாக்டரிடம் போக வேண்டிய நாள் தள்ளித் தள்ளிப் போனது. ஒருவழியாகப் போனபோது முந்தைய எக்ஸ்ரே எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி, "இங்கே ஒட்டிக்கிச்சே. நீளம் வர்றதுக்கு முன்னாடியே எலும்பு சேர்ந்துடுச்சு. யார் திருப்பினது?" என்றார்.

"நான்தான் சார். நாலு வேளையும்" என்றார் அப்பா.

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "டைம் தவற மாட்டாரு சார். புள்ள கத்துன கத்து தெருவுக்கே கேட்டுச்சி."

மறுபடியும் வெட்ட வேண்டும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார் டாக்டர். வெட்ட வேண்டும் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய்! அப்பா திருப்பவே இல்ல. சும்மா வச்சி வச்சி எடுத்தாரு!" என்று கத்தினேன். அம்மா எழுந்து போய் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறை வெட்டிய பிறகு திருப்பியது அம்மாதான். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். மிக்ஸி ஓடவில்லை. என் தொடையை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருப்புவாள். நான் அவள் கையைக் கடித்திருக்கிறேன். நீ என் அம்மாவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வேளையும் விட்டதில்லை. அப்படியும், கம்பி போன துளைகளில் சீழ் வைத்து, பாதி வழியில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. இனிமேல் வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆவடிப் பையன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான். இன்று அவன் பேருந்துக்கு ஓடிப்போய் ஏறுகிறான். நான் ஒரு பக்கம் மட்டும் தடித்த அடி வைத்துத் தைத்த செருப்போடு, இருபத்திரண்டு வயதில், அடுத்த பேருந்துக்கு நிற்கிறேன்.

அம்மா திருப்பிய அந்த நாட்களில் என்னைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக உறவுக்காரர்கள் வருவார்கள். அழுத பிள்ளையிடம் வேறென்ன பேசுவதென்று தெரியாமல், "உனக்கு அப்பா புடிக்குமா, அம்மா புடிக்குமா?" என்பார்கள். அம்மா காதில் நன்றாக விழட்டும் என்று, "அப்பாதான்!" என்பேன். அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி ஆறாச்சி, காலை நீட்டு" என்பாள். அப்பா சட்டென்று எழுந்து வெளியே போய்விடுவார். எல்லார் முன்னாலும் சந்தோஷத்தைக் காட்டக் கூச்சப்பட்டுப் போகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.