சீட்டில் கிடந்த டயர் துணி

உயிரோடு இருக்கிற ஒரு மனிதருக்காக நன்றி சொல்லவே இந்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நிற்கிறேன். அவர் கான் பாய், பாகிஸ்தானி. என்னோடு ஒரே டிரெய்லரை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர். போன ஜனவரியில், ஜோர்டான் மலைப்பாதையில், அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நண்பகல்தான், ஆனால் பனி கொட்டி எதிரே ஒன்றும் தெரியவில்லை. சக்கரம் வழுக்கியதே தவிர வண்டி ஓர் அடி ஏறவில்லை.

நான் திசையன்விளைக்காரன். தேரி மணலில் வளர்ந்தேன், அமீரகத்து அல் ஐன் வந்து பதினொரு வருஷமாக மணலில்தான் ஓட்டுகிறேன். பனியை ஃப்ரிட்ஜுக்குள் பார்த்ததோடு சரி. அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது.

அந்தப் பயணத்துக்கு அல் ஐன் யார்டில் லோடு ஏற்றிக் கிளம்பும்போது, எங்கள் சென்னைக்கார சூப்பர்வைசர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே தடித்த வெள்ளைத் துணியில் இரண்டு உறைகள்.

"பனி விழுந்தா சங்கிலிக்குப் பதிலா இதை டயர்ல மாட்டணும்," என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "டயருக்குப் பாவாடை கட்டுனா லாரி வெக்கப்படுமே சார்," என்றேன். யார்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாய் அப்போது பேப்பர் வேலையாக ஆபீஸுக்குள் இருந்தார். எனக்கு இடுப்புவலி உண்டு. பை மெத்தென்று இருந்ததால் சீட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்; பாய் ஓட்டும்போது அதையும் என்னோடு பக்கத்து சீட்டுக்கு எடுத்துக்கொள்வேன். சவுதியைக் கடக்கும்போதே அது என் கணக்கில் குஷன் ஆகிவிட்டது.

மலையில் பாய் சாய்ந்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அந்தச் சரிவில் இறங்க முடியாது, இரண்டு கிலோமீட்டர் மேலே செக்போஸ்டில் நிற்கிறோம், நீங்கள் ஏறி வாருங்கள் என்றார்கள். டூல் பெட்டியில் கிடந்த பழைய சங்கிலியை எடுத்து மாட்டப் பார்த்தேன். விரல் மரத்துப்போனது. இழுத்த இழுப்பில் கொக்கி தெறித்து விழுந்தது. பனியிலேயே முழங்கால் போட்டேன்.

"ஆண்டவரே, காற்றையும் கடலையும் அதட்டினவர் நீர்தானே. இந்தப் பனியை நிறுத்தும்," என்று உரிமையோடு சண்டை போட்டேன். பனி நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகக் கொட்டியது.

அழுதுகொண்டே வண்டிக்குள் ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் படுத்திருந்த பாய்க்கு மூச்சு முட்டியது. தலையைக் கொஞ்சம் உயர்த்தி வை என்று சைகை காட்டினார். என் குஷனை எடுத்து அவர் தலைக்குக் கொண்டுபோனேன். இத்தனை நாள் சீட்டை ஒட்டிக் கிடந்த பக்கம் அவர் முகத்துக்கு நேராக வந்தது. அதில் படம் அச்சடித்திருந்தது: லாரிச் சக்கரம், அதன்மேல் துணி. மலை ஊரில் பிறந்த மனுஷர், பனி தெரிந்தவர். அந்த நிலையிலும் என்னை முறைத்தார்.

"பாகல், பைத்தியமே, அல் ஐன்லேருந்து இதுமேலயா உட்கார்ந்து வர்றே? போ, மாட்டு. ஜல்தி."

படத்தில் இருந்தபடியே செய்தேன். எஞ்சின் சுழற்றுகிற பின்சக்கரங்களில், பக்கத்துக்கு ஒன்றாக, மேல்பாதியில் துணியைப் போட்டேன். வண்டியைக் கொஞ்சம் உருட்டி மீதியையும் இழுத்துவிட்டேன். பாரமில்லை, கொக்கியில்லை, ஒற்றை ஆள் வேலை. முதல் கியர் போட்டேன். சக்கரம் ஒரு சுற்று வழுக்கியது, பிறகு பிடித்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே நடை வேகத்தில் ஏறினேன். செக்போஸ்டில் ஆம்புலன்ஸ் நின்றது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அடைப்பை நீக்கினார்கள்.

பாய் இப்போது மறுபடியும் டூட்டியில் இருக்கிறார். வண்டி ஏறும்போதெல்லாம் முதலில் என் சீட்டைத் தட்டிப் பார்த்து, "இன்னைக்கு எதுமேல உட்கார்ந்திருக்கே?" என்று கேட்கிறார். அவருக்கு அது கிண்டல், எனக்கு அது பிரசங்கம். யார் எதைக் கொடுத்தாலும் நக்கலடித்த நான், இப்போது வாங்கிக்கொண்டு, இது எதற்கு என்று கேட்கிறேன்.

பிரியமானவர்களே, பனியை நிறுத்தும் என்று நான் கேட்டேன். ஆண்டவரோ நான் கேட்பதற்கு முன்பே, பனியே விழாத யார்டில், பதிலை என் கையில் கொடுத்திருந்தார். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று அழுகிறவர்கள் இங்கே இருக்கலாம். அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, உட்கார்ந்திருந்த இடத்தையும் ஒருதரம் திரும்பிப் பாருங்கள்.