ஐந்து கண்டுகளின் சராசரி

கல்லூரியில் புள்ளியியல் முடித்த கையோடு ஒரு நூற்பாலையின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் ஒன்று வந்து துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. அதைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

சோமனூர்த் தறிக்காரர் ஒருவர் நாலைந்து தடவை வந்துவிட்டார். எங்கள் நூலில் பாவு போட்டு நெய்தால் அறுந்துகொண்டே இருக்கிறதாம். தறியை ஓட்டுவது அவருடைய மச்சான்.

"நூல் கொறையா, அவன் கை கொறையான்னு தெரிஞ்சாப் போதுமுங்க. தெனமும் அவனைத்தான் வஞ்சுட்டு இருக்கறனுங்க."

எங்கள் ரிப்போர்ட்டோ ஒவ்வொரு முறையும் நூல் நல்ல பலம் என்றே சொன்னது. ஐந்து நூல்கண்டை அறுகிற வரை இழுத்துப் பார்த்துச் சராசரி போடுவது வழக்கம். அறுபத்திரண்டு ராத்தல் எடை தாங்கினால் பாஸ். அந்த ஐந்தையும் எடுத்துக் கொடுப்பவர் மெஷின் ஓட்டும் அக்கா. எப்படி எடுப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்துத்தான் கண்ணு. ஆபீசுக்குப் போறதுக்குச் சொத்தையாவா குடுப்பாங்க?"

வந்தவருக்கு நல்ல இளநீராகப் பார்த்து வெட்டுகிற ஊர். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்ப்யூட்டரின் ஸ்ப்ரெட்ஷீட்டைச் சீரற்ற எண்களைத் தரச் சொன்னேன். எந்த மெஷின், எத்தனையாவது கண்டு என்று அது சொன்ன இடங்களிலிருந்து இருநூறு கண்டுகளை நானே உருவி, பத்து நாள் இழுத்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மொத்தச் சராசரி ஐம்பத்தெட்டு. குறை நூலில்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டருக்குப் புரியவைக்க வேண்டுமே என்று, இருநூறிலிருந்து ஏதாவது ஐந்தைத் தானே பொறுக்கிச் சராசரி காட்டும்படி ஒரு கட்டம் அமைத்தேன். மில் முழுக்க அவர் சொன்னதுதான் சட்டம். எஃப்-ஒன்பது விசையை அமுக்கினால் வேறு ஐந்து, வேறு சராசரி. ஐம்பத்தேழு, அறுபது, ஐம்பத்தாறு.

"பாருங்க சார், எப்படி ஆடினாலும் ஐம்பத்தெட்டைச் சுத்தித்தான் வரும்" என்றேன். உற்சாகத்தில் குரல் உயர்ந்திருந்தது.

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தானே அமுக்கிப் பார்த்தார். பதினேழாவது தடவையில் அறுபத்திரண்டரை வந்தது.

"நிறுத்து. இதை பிரிண்ட் எடு."

"சார், இது எப்பவாச்சும் வர்றது."

"வந்துச்சா இல்லையா? நானா கையால எழுதினேன்? உன் கம்ப்யூட்டர்தானப்பா எடுத்துச்சு."

ஐந்து கண்டும் உண்மை. இழுத்துப் பார்த்தவன் நான். பிரிண்ட் எடுத்தேன்.

அன்று மதியமே தறிக்காரர் வந்தார். தாளை இரண்டு கையாலும் வாங்கினார். ஓரத்தில் துளைபோட்ட அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, நீங்க போட்டதுங்களா? சரியாத்தான இருக்கும்?"

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

"சரியாத்தானுங்க இருக்கும்."

"கம்ப்யூட்டரே சொல்லிப்போட்டா அப்புறம் என்னத்தைப் பேசறது. அவனைத்தான் அனுப்போணும். வாரனுங்க."

அக்கா பொறுக்கிக் கொடுத்த காலத்திலாவது தறிக்காரர் எங்கள் ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட்டார். என் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் லோடு ஏற்ற வந்த டிரைவர் சொன்னார்: மச்சானை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள், வீட்டுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, புது ஆள் ஓட்டியும் நூல் அறுந்துகொண்டுதான் இருக்கிறது. சோமனூர் பஸ் மில் வாசலிலேயே நின்று போகும். நான் ஒருநாளும் ஏறவில்லை.