சிவப்புத் தொப்பியும் சுற்றுப்பாதையும்

அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எங்கள் பக்கத்து மலைச் சாலைகளில், பனியோ சேறோ, ஆர்டித் ஓட்டிய பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறிப் போய்த்தான் பாதி ஊர் படித்தது. அவள் கணவன் மெரில் பால்மாடு வைத்திருந்தவன். இருவருக்கும் முக்கால்வாசி விஷயத்தில் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது, காட்டுச் சுற்றுப்பாதையை எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதில்தான்.

அந்தப் பாதை ஓடைக்கரையில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பீச் என்னும் காட்டு மரங்களுக்கு நடுவே நிதானமான ஏற்றம். வலப்பக்கம் எடுத்த எடுப்பிலேயே செங்குத்துப் பாறை. எப்படிப் போனாலும் மலையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்கே வந்து சேரவேண்டியதுதான். கஷ்டத்தை முதலிலேயே தொலைத்துத் தலைமுழுகிவிட வேண்டும் என்பது மெரில் கட்சி. உடம்பு சூடாகும் முன் பாறையில் ஏறுகிறவன் பைத்தியக்காரன் என்பது ஆர்டித் கட்சி. கல்யாணமான புதிதில், ஓர் அக்டோபரில், ஓடைக்கரையிலேயே வாக்குவாதம் முற்றி ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி கிடக்கும் தட்டைப் பாறையில், எதிரெதிரே வந்து நின்றதும் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதுவே வழக்கமாயிற்று. பாறைக்கு முதலில் வருகிறவருக்குச் சீஸில் பெரிய துண்டு. பெரும்பாலும் மெரில்தான் ஜெயிப்பான், அதைக் குளிர்காலம் முழுக்கச் சொல்லியும் காட்டுவான்.

இந்தக் கோடையில் தீவனக் கடைக்குப் போன மெரில் சாயந்தரமாகியும் திரும்பவில்லை. பக்கத்து ஊர் சர்ச்சிலிருந்து யாரோ போன் செய்தார்கள். ஆர்டித் போய்ப் பார்த்தபோது சர்ச் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் மக்கர் பண்ணுகிறது என்றான். அவள் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது. வழி மறந்துவிட்டதா என்று அவள் கேட்கவில்லை. ஜோடி என்ற மகளிடமும் சொல்லவில்லை. ஜோடிக்குத் தெரிந்தால் உடனே டாக்டர், அப்புறம் வண்டிச் சாவி பறிபோகும், அதற்கப்புறம் என்னென்னவோ. அவன் இந்த வருஷமும் தன் வழியில் பாறைக்கு வந்து சேர்ந்துவிட்டால் விஷயத்தைக் கிளறுவதில்லை, வராவிட்டால் ஜோடியிடம் சொல்லிவிடுவது என்று ஆர்டித் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். பயந்துபோனவள் எடுத்த முடிவு, அதில் நியாயம் தேடக் கூடாது.

நிறம் மாறிய இலை பார்க்க வெளியூரிலிருந்து வரும் சமவெளிக்காரர்கள் காரும் கேமராவுமாக ஊர் திரும்பிய பிறகு, ஒரு வாரநாளில் கிளம்பினார்கள். மேப்பிள் மரங்கள் இலையைப் பாதிக்குமேல் உதிர்த்துவிட்டன. பீச் மரங்கள் மட்டும் மஞ்சளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. பாதை இலைக்கடியில் போய்விட்டதால், வழிகாட்ட மரத்தில் அடித்திருக்கும் நீலப் பெயின்ட் பட்டையைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும்.

ஓடைக்கரையில் மெரில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டத் தொடங்கினான். "நீ கிளம்பு. உன் கிழவி நடைக்கு இப்பவே போனாத்தான் பொழுது சாயறதுக்குள்ள வந்து சேருவ" என்றான்.

வருஷாவருஷம் கேட்கிற கேலிதான். அதைக் கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு இடப்பக்கம் ஏறினாள்.

காற்று இதமாக இருந்தது. காலடியில் சருகு போட்ட சத்தத்தில் வேறெதுவும் காதில் விழவில்லை. மூச்சு வாங்க நின்றபோது மட்டும் பின்னால் எங்கோ சலசலத்தது. அணிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பாறையில் யாருமில்லை. ஜெயித்துவிட்டோம் என்று முதலில் சந்தோஷம்தான். உட்கார்ந்து சீஸை எடுத்து வைத்தாள். கீழே பள்ளத்தாக்கில், வெள்ளைச் சர்ச்சுக்கு அந்தப்பக்கம், அவர்கள் வீட்டுக் கொட்டகைக் கூரை தெரிந்தது. ஃபிளாஸ்கில் காபி ஆறியது. மெரில் வரவில்லை. கடைசியில் வலப்பக்கப் பாதையில் ஒரு நாயும், பின்னாலேயே ஓர் இளைஞனும் இளம்பெண்ணும் ஏறி வந்தார்கள். ஆரஞ்சுத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவரைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். ஓடையிலிருந்து இங்கே வரை ஒருவரையும் பார்க்கவில்லை என்றார்கள்.

அந்தப் பக்கம் அவன் வரவே இல்லையென்றால் ஓடைக்கரையிலேயே நிற்கிறானா, காட்டுக்குள் போய்விட்டானா? சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடாத குறையாக நடந்தாள். முதல் வளைவு திரும்பியதும், விழுந்து கிடந்த ஒரு மரத்தில் ஆரஞ்சுத் தொப்பியோடு மெரில் உட்கார்ந்திருந்தான்.

கோபம்தான் முதலில் வந்தது. இங்கே என்ன செய்கிறாய் என்று கத்தினாள்.

"நீ பாறைய விட்டுக் கிளம்புவ, பின்னாலேயே வந்துடலாம்னு காத்துக்கிட்டிருக்கேன். நீ என்னடான்னா அங்கயே குடித்தனம் நடத்துற. உக்காந்து உக்காந்து எனக்குப் பின்பக்கம் மரத்துப் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள். மெரில் கால்சட்டையில் ஒட்டியிருந்த சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

"நாடாவக் கட்டிட்டு நிமிர்ந்து பாத்தேன், ஆர்டித். எந்தப் பக்கம் என்னோடதுன்னு தெரியல. ரெண்டும் புதுசா இருந்துச்சு. மரத்துக்கு நடுவுல உன் தொப்பி மட்டும் தெரிஞ்சுது. அதப் பாத்துக்கிட்டே வந்துட்டேன்."

அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இந்தப் பக்கம் ஏறினால் முட்டியே வலிக்கவில்லை என்றான். கல்யாணமான நாளாக அதைத்தானே சொல்கிறேன் என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"ஜோடிகிட்ட சொல்லிடு. அந்தச் சர்ச் வாசல் சமாச்சாரத்தையும் சேத்துச் சொல்லு. எஞ்சின்ல ஒண்ணும் இல்ல" என்றான் மெரில்.

"தெரியும்."

பாறைக்குப் போய்ச் சீஸை வெட்டினார்கள். அவள் சரிபாதியாக வெட்டப் பார்த்தாள். பந்தயம் பந்தயம்தான் என்று பெரிய துண்டை அவள் பக்கம் தள்ளினான்.

இறங்கியது வலப்பக்கமாக. அந்தச் செங்குத்தை அவன் ஏறித்தான் பழக்கம். வருஷாவருஷம் அதில் இறங்கியவள் அவள், அதனால் அவளே முன்னால் போனாள். நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"திரும்பித் திரும்பிப் பாக்காத, உருண்டுடுவ. நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன்."

அதன்பிறகு அவள் திரும்பவில்லை. காதுவரை இழுத்துவிட்டிருந்த தொப்பியை, பின்னாலிருந்து நன்றாகத் தெரியும்படி, மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.