ராத்தா வீட்டில் வைத்த பெட்டி

ஸும்ராவின் தொழில் என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகள் அனுப்பும் பதிவுகளைத் திருத்துவது அவள் வேலை. "பூமி பிழை விட்டா நீ திருத்துவியோ?" என்று அவளுடைய ராத்தா, உடன்பிறந்த அக்கா, கமறியா ஒருநாள் கேட்டாள். பூமி பிழை விடுவதில்லை, கருவிதான் விடும் என்று ஸும்ரா சொல்லிப் பார்த்தாள். கமறியா தேங்காய் துருவிக்கொண்டே தலையாட்டினாள். அப்படித் தலையாட்டினால் விளங்கவில்லை என்று பொருள்.

உண்மையில் அது கழிக்கிற வேலை. கருவி இம்மியளவு சரிந்திருந்தாலும் அந்தப் பிழை கணக்கில் கூடிக் கூடி, அரை நிமிடத்துக்குள் ஒரு வீடு களப்புத் தண்ணீருக்குள் நகர்ந்து போய்விட்டதாகத் திரை காட்டும். ஸும்ரா அதைக் கழித்து வீட்டைக் கரைசேர்ப்பாள். பிறகு காற்றாலையின் இரைச்சல், உப்பு லொறியின் குலுக்கம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் என்று ஒவ்வொன்றாகக் கழிக்கவேண்டும். மிஞ்சுவதுதான் நிலத்தின் சொந்த அசைவு. புத்தளத்தில் ஒரு மாடி அறையில், சுற்றுகிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் மின்விசிறிக்குக் கீழே, பல வருடமாக இதைத்தான் செய்துவருகிறாள். கண் எரிச்சலும் கழுத்து வலியும் சம்பளத்தை விட ஒழுங்காக வரும்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களெல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தபோது ஸும்ரா சின்னப் பிள்ளை. கமறியாவுக்குப் பதினாலு வயது. கிடுகுக் கொட்டிலில் உம்மா நோயில் படுத்ததும் கமறியா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு உப்பளத்தில் வேலைக்குப் போனாள். ஸும்ரா பல்கலைக்கழகம் வரை போனாள். கொட்டில் இருந்த இடத்தில் கமறியா ஒரு கல்வீடு எழுப்புவதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது. அந்த வீட்டின் சுவர்தான் இப்போது கூரையிலிருந்து தரை வரை பிளந்திருந்தது. பிளவுக்குள் விரல் நுழையும்.

ஊருக்குப் பின்னால் திறந்த கல்குவாரியின் வெடிதான் காரணம் என்றது ஊர். இது இயற்கையான நிலநடுக்கம், ஆண்டவன் செயலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள் குவாரிக்காரர். கொஞ்ச நாளைக்குக் கருவி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள் அதிகாரிகள். ஒரு றாத்தல் பாண் அளவில், இரண்டு கைக்குள் அடங்கும் நீலப் பெட்டி வந்தது. குவாரிக்குக் கிட்டவாக நல்ல சீமெந்துத் தரை இருந்தது கமறியாவின் வீட்டில்தான். அது தன் ராத்தாவின் வீடு என்பதை ஸும்ரா மேலதிகாரி லத்தீபிடம் மறைக்காமல் சொன்னாள். "பெட்டிக்குச் சொந்தபந்தம் தெரியாது, வைங்க," என்றார் அவர். வெடியின் அதிர்வு சட்டம் விதித்த எல்லையைத் தாண்டியதாக ஒரேயொரு சுத்தமான பதிவு கிடைத்தால் போதும். வெடி நிற்கும், வீடுகளையும் குவாரியே திருத்திக் கொடுக்கவேண்டும்.

பெட்டி வந்ததும் குவாரி நல்ல பிள்ளையாகிவிட்டது. வெடிகள் சிறுத்தன. ஒவ்வொரு வெடிக்கும் கமறியா ஸும்ராவுக்குப் போன் எடுத்தாள். "இது காணுமா? எல்லை தாண்டிச்சா?"

"காணாது ராத்தா. பெட்டிக்குச் சரியாக் கேக்கல்ல," என்பாள் ஸும்ரா, அலுப்பில்.

பெட்டியைக் கழற்றவேண்டிய நாளுக்கு முதல்நாள் காலையில் குவாரிக்குக் கணக்குத் தப்பியதோ என்னவோ, ஒரு பெரிய வெடி வெடித்தது. அலுமாரிக் கண்ணாடி விழுந்து நொறுங்கிவிட்டதாகக் கமறியா போனில் சொன்னாள். குரலில் அத்தனை சந்தோசம். ஸும்ரா பதிவைத் திறந்தாள். கோடு எல்லையைத் தாண்டி எகிறியிருந்தது.

பிறகு, வழக்கம்போல, வெடிக்கு முந்திய அமைதியைத் தேடினாள். எந்த அதிர்வுக்கும் முன்னால் சில வினாடிகள் நிலம் சும்மா கிடக்கும். அதை வைத்துத்தான் பூச்சியம் எங்கே என்று பிடிக்கவேண்டும். இந்தப் பதிவில் அமைதியே இல்லை. வெடிக்கு முன்னும், வெடிக்குள்ளும், வெடிக்குப் பின்னும் மாறி மாறி இரண்டு குத்துகள், மேலும் கீழுமாக. இரண்டு பேர் ஒரே உரலில் மா இடிக்கும் தாளம் அது. அந்தத் தாளத்தோடு வளர்ந்தவளுக்கு அதை அடையாளம் காண நேரம் எடுக்கவில்லை.

மாலைவரை கழித்துப் பார்த்தாள். கொஞ்சம் கழித்தால் வெடி எல்லைக்கு மேலே நின்றது, இன்னும் கொஞ்சம் கழித்தால் கீழே இறங்கியது. எங்கே நிறுத்துவது என்று பதிவு சொல்லவில்லை. அவள் ஆசைதான் சொன்னது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கடைசி பஸ் பிடித்து ராத்தா வீட்டுக்குப் போனாள்.

"உரல எங்க வெச்சு இடிச்ச ராத்தா?"

கமறியா ஒளிக்கவில்லை. "பெட்டிக்குப் பக்கத்திலதான். வெடிக்கு முந்தி குவாரிச் சங்கு ஊதினதும் நானும் பக்கத்து வீட்டு நிஸ்மியா மச்சியும் தொடங்கிட்டம். பெட்டிக்குக் கேக்கல்ல எண்டு நீதானே சொன்ன. ஒரு கை குடுப்பமே எண்டு நெனச்சம்."

ஸும்ராவுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவ்வளவு களைத்துப்போயிருந்தாள்.

"அத மட்டும் கழிச்சிட்டு மிச்சத்த வெச்சிக்க ஏலாதா? அதுக்குத்தானே நீ படிச்ச."

"ஏலா ராத்தா. ரெண்டும் ஒண்டாக் கலந்து போச்சு."

"அப்ப கழிக்காம அனுப்பு. ஆருக்குத் தெரியப் போகுது?"

"குவாரிக்காரரும் ஆள் வெச்சுப் பாப்பாங்க. பதிவில உலக்கையக் கண்டாங்க எண்டா, ஊரே பொய் சொல்லுது எண்டுவாங்க. பிறகு ஒரு பெட்டியும் இங்கால வராது."

கமறியா நொறுங்கிய கண்ணாடியைக் கூட்டி அள்ளினாள். "நீ படிக்கோணும் எண்டு வயசக் கூட்டிச் சொல்லி வேலைக்குப் போனவள் நான்," என்றாள். "அதுவும் பொய்தான்."

அன்றிரவு ஸும்ரா மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பதிவைப் பயன்படுத்த முடியாதென்று அவள்தான் அறிக்கையில் எழுதினாள். எழுதும்போது அழுதாள்.

மறுநாள் அலுவலக வேன் கமறியாவின் வாசலில் வந்து நின்றது. ஸும்ரா பெட்டியின் கரண்ட் வயரைப் பிடுங்கினாள். தரையில் முடுக்கியிருந்த ஆணிகளைக் கழற்றிப் பெட்டியைத் தூக்கியபோது குவாரிச் சங்கு ஊதியது. வேனைக் கண்டு, பெட்டி போய்விட்டதென்று குவாரிக்காரர் நினைத்திருப்பார்கள். அவள் பெட்டியைத் திரும்பவும் தரையில் வைத்து, அவசரமாக வயரைச் செருகினாள். சிவப்பு விளக்குக் கண்சிமிட்டியது. பச்சை வந்தால்தான் அது பதியத் தொடங்கும். அதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும்.

வெடி வந்தது. முந்தியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. ஓடுகள் கலகலத்தன, சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்தது, பிளவு வழியாகப் பின்வளவு தெரிந்தது. பெட்டியில் இன்னும் சிவப்புத்தான்.

கமறியா அறை வாசலில் இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"பாத்துக்கோ, நான் ஒண்டையும் தொடல்ல," என்றாள். "இப்ப எழுது, ஸும்ரா."