நோய் என்று சொல்லிவிட்டால்

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இருந்தது ஒரே ஆசை. மனைவிக்கு மறதி நோய் என்று டாக்டர் வாயால் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை வேண்டாம் என்று தினமும் சொல்வார். காபி தினமும் இனிக்கும். மத்தியான மாத்திரையைக் கேட்டால், "அட, மறந்தே போச்சு" என்பாள். அவருடைய கண் ஆபரேஷன் அன்று, பகலெல்லாம் தான் பார்த்துக்கொள்ளும் மாடி வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கா?" என்றாள். நோய் என்றால் யார்மீதும் குற்றமில்லை.

டாக்டர் சின்னப் பெண். கடையில் வாங்க வேண்டியவை என்று வரிசையாகச் சில சாமான்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள். துணைக்கு வந்த மகனையும் விடவில்லை. அவன் போனை நோண்டியபடியே கடகடவென்று ஒப்பித்தான். அம்மா சோப்பு வரை சொல்லி நின்றுவிட்டாள். டைம்கீப்பருக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

டாக்டர் பேச்சுக் கொடுத்ததில் மாடி வீட்டுக் குழந்தை பற்றித் தெரிந்துகொண்டாள். "சரிம்மா, இப்ப அந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல். அதுக்கு வாங்கணும்னு வச்சுக்குங்க." இந்த வரிசை முன்னதைவிட நீளம். மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, மருந்து பாலுக்கு முன்னாலா பின்னாலா என்று வேறு கேட்டாள்.

"உங்க பையன் வயசுல வேண்டாதது கூட ஓரளவு ஒட்டிக்கும் சார். வயசானா மனசு வச்சதுதான் நிக்கும். அம்மாவுக்கு ஒண்ணுமில்ல."

வழியில், மகனை முன்னால் போகவிட்டுக் கேட்டார். "அப்போ என் விஷயமெல்லாம் வேணும்னேதான் மறந்தியா?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். "வேணும்னு இல்லீங்க. நீங்க பேசுறது காதுல விழும். உள்ள போகாது. ரொம்ப வருஷமாவே அப்படித்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் குழந்தையின் தாயை நிறுத்தினார். "டாக்டர் மறதி நோய்னு சொல்லிட்டாங்கம்மா. அவகிட்ட காட்டிக்காத. அடுப்பை அணைக்கறதே நினைவில்ல."

மறுநாள் குழந்தை வரவில்லை. பொழுது சாய்ந்ததும் மனைவி மாடியேறினாள். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து, "காப்பகத்துல சேர்த்துட்டேன்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். உள்ளே, இவள் குரலைக் கேட்டுவிட்ட குழந்தை வீறிட்டது.

இறங்கி வந்தவள் கூடத்தில் அப்படியே நின்றாள். நான் என்ன தப்பு செய்தேன், உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். கண்ணைக் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு சொல் தவறவிடக் கூடாது என்பதுபோல நின்றாள்.

டைம்கீப்பர் செய்தித்தாளை நிதானமாக மடித்தார். பதில் சொல்ல அவருக்கு அவசரமே இல்லை.